பெஞ்சு எண் பதினேழின் நிலை

இறங்கிய ஆண்டு 19, நாள் 212, திங்கள்

இன்றைய தவறு: வருடாந்திர இருப்புச் சரிபார்ப்பில், பெஞ்சு எண் பதினேழுக்கு எதிரே, ‘நிலை’ என்ற பத்தியில், ‘ஒரு கால் ஆடுகிறது’ என்று எழுதிவிட்டேன்.

எழுதியது பொய்யில்லை. இடது முன்னங்கால் ஆடத்தான் செய்கிறது. ஆனால் பதினேழு பெஞ்சு இல்லை. மாலை வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள்.

நாட்குறிப்பு எழுதினால் புதிதாக வந்து படிக்கிறவருக்கும் புரிய வேண்டும் என்று வகுப்பு ஆசிரியை சொல்லியிருக்கிறார். முதலில் அன்றைய தவறு, பிறகு நடந்தது, கடைசியில் மறுநாள் வேலை. நான் சொன்னபடி செய்கிறவள். ஆகவே முதலிலிருந்து எழுதுகிறேன்.

பத்தொன்பது வருடங்களுக்கு முன்பு நம் ஆட்கள் ஆயிரத்து இருநூறு பேர் கப்பலில் வந்து இந்தக் கிரகத்தில் இறங்கினார்கள். கூட்ட மண்டபத்துக்கென்று நாற்பத்து நான்கு மர பெஞ்சுகள் கூடவே வந்தன. இங்கே மரம் கிடையாது. புல்லே முழங்காலைத் தொடுவதற்குள் களைத்துப்போய்ப் படுத்துவிடும். இறங்கிய முதல் வருடமே, குடியேற்றத் தலைவர் அந்த பெஞ்சுகளை எல்லாம் உடைத்துத் தன் வீட்டுக் கூடத்துக்கு மரத்தரை போட்டுக்கொண்டார். மற்ற வீடுகளைப் போலவே சிமெண்டுத் தரையில் நடந்தால் தலைவர் யார் என்று எப்படித் தெரியும் என்று கேட்டாராம். நியாயமான கேள்வி என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் தலைமைக் கப்பலிலிருந்து தணிக்கையாளர் வந்தார். கிடங்குப் பொறுப்பு என் தாய்மாமாவிடம் இருந்தது. இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. எனக்கு இந்த எழுத்தர் வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். பதிவேட்டில் நாற்பத்து நான்கு பெஞ்சு, மண்டபத்தில் ஒன்றுமில்லை. மாமா தலையில் கை வைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனபோது, பின்வரிசையில் இந்த ஊர்க்காரர்கள் நின்றிருந்தார்கள்.

இந்த ஊர்க்காரர்கள் நம் முட்டி உயரம் இருப்பார்கள். நான்கு கால், நீளமான தட்டை முதுகு, பலகை நிறம். முன் விளிம்பில் இரண்டு கண். கைகள் இரண்டும் அடிப்பக்கம் மடங்கியிருக்கும், வேண்டும்போது நீளும். தலைவரின் வாராந்திரப் பேச்சைக் கேட்கக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்தப் பேச்சில் குழந்தைகள் நன்றாகத் தூங்குகிறார்களாம்.

“இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கண்ணை மூடிக்கிட்டு அசையாம நில்லுங்க” என்று மாமா கெஞ்சினார். வந்த விருந்தாளி ஒன்று கேட்டால் மறுப்பது அவர்கள் வழக்கம் இல்லை. நின்றார்கள். மாமா எண்ணினார். தணிக்கையாளரும் எண்ணினார். நாற்பத்து நான்கு. ஆண்டறிக்கையில், ‘பெஞ்சுகள்: சரி’ என்றும், அதற்குக் கீழேயே ‘கிரகத்தில் ஏற்கெனவே வசிப்பவர்: எவருமில்லை’ என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

அன்று முதல் ஒவ்வொரு தணிக்கைக்கும் அதே நாற்பத்து நான்கு பேர் அதே இடத்தில் நிற்கிறார்கள். ஒருவருக்கு வயதாகிவிட்டால் அவர் பிள்ளைக்கு அந்த எண் போகும். பதினேழுக்கு அவள் அப்பாவின் இடம் வந்தது. வாரிசு வேலை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

போன வாரம் வகுப்புக்கு வரும்போது மாடிப்படியில் அவளுக்குக் கால் பிசகிவிட்டது. இரண்டு கால் ஆட்களுக்குக் கட்டிய படி அது. இன்று சரிபார்ப்பில் ‘நன்று, நன்று’ என்று பதினாறு முறை எழுதிக்கொண்டே வந்தேன். பதினேழாவதில் அவள் காலைப் பார்த்ததும் ‘ஐயோ பாவம்’ என்று நினைத்தேன். நினைத்ததைக் கை எழுதிவிட்டது.

பதிவேட்டில் அடித்தல் திருத்தல் கூடாது. ஐந்து மணிக்கு நகல் தலைமைக் கப்பலுக்குப் போய்விடும். ஐந்து பத்துக்குத்தான் எனக்கு அந்த விதி நினைவு வந்தது. ஆடும் மரச்சாமான் கழிவு. கழிவைத் தணிக்கையாளர் முன்னிலையில் அரைவை எந்திரத்தில் போட்டுத் தூளாக்க வேண்டும். தணிக்கையாளர் சனிக்கிழமை வருகிறார்.

நாளை: மாமாவிடம் சொல்ல வேண்டும். அவர் சாப்பிட்ட பிறகு சொல்வது நல்லது.


நாள் 213, செவ்வாய்

இன்றைய தவறு: அவர் சாப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

மாமா கரண்டியைக் கீழே வைத்தார். கிடங்கில் அவர் மேசைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் வெளியே எழுதியிருப்பது ஒன்று, உள்ளே இருப்பது இன்னொன்று. அவருக்கு மட்டும்தான் எது எங்கே என்று தெரியும்.

“ஏண்டி, எழுதத் தெரிஞ்சா பார்க்கிறதை எல்லாம் எழுதிடுவியா?”

“நிலைன்னு போட்டிருந்துச்சு மாமா.”

“நிலைன்னு போட்டிருந்தா நன்றுன்னு எழுதணும். பத்தொம்போது வருஷமா இந்தக் கிடங்குல நன்றுங்கிறதைத் தவிர வேற வார்த்தையை நான் எழுதினதே இல்லை. கூரை பறந்து போன வருஷம்கூட கூரை நன்றுன்னுதான் எழுதினேன்.”

“அவளை அன்னிக்கு மட்டும் வர வேண்டாம்னு சொல்லிடலாமா?”

“நாப்பத்தி மூணுதான் இருக்குன்னா மிச்சம் ஒண்ணு எங்கன்னு கேப்பான். ஒண்ணைத் தேட ஆரம்பிச்சா எல்லாத்தையும் தட்டிப் பார்ப்பான். தட்டினா பெஞ்சு தும்மும்.” மாமா குரலைத் தாழ்த்தினார். “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்க. நான் நாப்பத்தி நாலு பூசணிக்காயை மறைச்சு வெச்சிருக்கேன். நீ ஒரு கரண்டியைப் போட்டுக் கிளறிட்டு வந்து நிக்கிற.”

“இவங்க பெஞ்சு இல்லை, ஆளுங்கன்னு சொல்லிட்டா?”

மாமா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இங்க ஆளு இருக்குன்னு எழுதினா, அவங்க சம்மதம் வாங்கித்தான் நாம இருக்க முடியும். குடுக்கலேன்னா ஆயிரத்து இருநூறு பேரும் மூட்டை கட்டணும். உங்கம்மா அந்த ஒண்ணரை ரூம் வீட்டுக்கு எத்தனை வருஷம் காத்திருந்தா, தெரியுமில்ல? அப்புறம், பொய்க் கணக்கு எழுதினவன் யாருன்னு கேப்பாங்க. தலைவரா வந்து கையைத் தூக்குவாரு?”

அதற்கு மேல் அவர் சாப்பிடவில்லை.

மாலை வகுப்பில் பதினேழிடம் சொன்னேன். வகுப்பின் பெயர் ‘இருப்புப் பதிவேடு பராமரிப்பு’. பதினெட்டு பேர் படிக்கிறோம். வருகைப் பட்டியலில் பதினேழு பேர் இருக்கிறார்கள். போன தேர்வில் முதல் மதிப்பெண் அவள்தான் வாங்கினாள். பட்டியலில் பெயர் இல்லாததால் முதல் பரிசு யாருக்கும் இல்லை என்று அறிவித்தார்கள். நான் இரண்டாவது.

“ஏய் அடிக்கோடு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?” என்றாள். நான் எல்லா வரிக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போடுவதால் வகுப்பில் எனக்கு அந்தப் பெயர்.

சொன்னேன்.

“நிஜமாவே ‘கால் ஆடுது’ன்னு எழுதிட்டியா? பரவால்லடீ, முதுகுல கீறல் இருக்குன்னு எழுதாம விட்டியே.”

“சிரிக்காத. அரைவை எந்திரம்.”

அவள் கண்கள் ஒரு முறை மூடித் திறந்தன.

“தூளாக்குமா, துண்டாக்குமா?”

“தூள்.”

“துண்டுன்னா எங்கம்மா எடுத்து அடுக்கி வெச்சுக்குவா” என்றாள்.

ஓடிவிடு என்றேன். முடியாதாம். ஒருவர் ஒரு இடத்தில் நிற்க ஒப்புக்கொண்டுவிட்டால், பிள்ளையிடம் ஒப்படைக்காமல் அதை விட்டுப் போகக் கூடாது. போனால் எந்தக் குழிக்குள்ளும் சேர்க்க மாட்டார்கள். குழி என்பது அவர்கள் வீடு. பதினேழுக்குப் பிள்ளை இல்லை. என்னைப் போல அவளுக்கும் இருபத்தொரு வயது.

“இதெல்லாம் ஒரு இடமா? பொய்க்காக நிக்கிற இடம்” என்றேன்.

“உங்களுக்குப் பொய். நாங்க நிஜமாத்தானே நின்னோம்?”

ஆசிரியை பாடம் நடத்தத் தொடங்கினார். எந்தக் கேள்விக்கும் முதலில் நீள்வது அவள் கையாகத்தான் இருக்கும். இன்று ஒரு முறைகூட நீளவில்லை.

நாளை: தச்சரைப் பார்க்க வேண்டும்.


நாள் 214, புதன்

இன்றைய தவறு: தச்சர் பட்டறைக் கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மரமே இல்லாத ஊரில் ஒரு தச்சர் இருக்கிறார். பணியிடம் ஒதுக்கியாகிவிட்டது, ஆள் வந்தாகிவிட்டது. மாதத்துக்கு ஒரு நாள் தலைவர் வீட்டுத் தரைக்கு மெருகு போடுவார். மற்ற நாட்களில் உளிகளைத் துடைத்துத் திரும்ப அதே இடத்தில் வைப்பார். அவருடைய உளிகள் கண்ணாடி போல இருக்கின்றன.

காலைப் பழுது பார்த்துவிட்டதாக ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா என்று கேட்டேன்.

“தரலாம் பாப்பா. பழுதுக்கு எந்தக் கட்டை போட்டேன்னு சீட்டுல எழுதணும். கிடங்குல கட்டை இருப்பு என்ன?”

“ஒண்ணுமில்லை.”

“அப்ப இல்லாத கட்டையை எங்கிருந்து எடுத்தேன்னு என்னைக் கேப்பாங்க. எனக்கு எதுக்கு வம்பு?” பிறகு முகவாயைத் தேய்த்தார். “அதுக்கு நிஜ பெஞ்சு ஒண்ணு பண்ணி, கால் ஆடற மாதிரி விட்டு, அதை அரைக்கக் குடுத்துடலாமே. ஒரு எண், ஒரு பெஞ்சு. யாருக்கு என்ன நஷ்டம்? நாலு பலகை, பன்னெண்டு ஆணி, ஒரு மணி நேர வேலை.”

“பலகை?”

தச்சர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த ஊரில் பலகை எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

“ஓரத்துலேருந்து எடுக்க முடியாது. சுவத்துக்குள்ள செருகியிருக்கு. நடுக்கூடத்துலேருந்துதான் எடுக்கணும்” என்றார். பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக ஒரு பெஞ்சு செய்யப் போகிறோம் என்ற பூரிப்பு அவருக்கு. உளியைத் திரும்பத் துடைத்தார்.

வழியெல்லாம் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாலே நாலு பலகை. அந்தக் கூடத்தில் நூறுக்கு மேல் இருக்கும். ஒரு உயிருக்கு நாலு பலகை தர மாட்டேன் என்று யாராவது சொல்வார்களா?

நாளை: தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். கால் கழுவிக்கொண்டு போக வேண்டும்.


நாள் 215, வியாழன்

இன்றைய தவறு: நேற்று கடைசியில் எழுதிய கேள்வி.

மாமாவும் கூட வந்தார். உள்ளே வர மாட்டேன் என்று வாசலிலேயே நின்றுகொண்டார். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்து, அந்த வீட்டில் கொடுத்த துணி உறையை மாட்டிக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். கூடத்தில் நாற்காலி எதுவும் இல்லை. தரையில் கீறல் விழுமாம். தலைவரும் அவர் மனைவி தலைவரம்மாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். நீளமாக யோசிக்கிறார் என்று நினைத்தேன்.

“நடுக்கூடத்துலயா?” என்றார் தலைவரம்மா. “சனிக்கிழமை தணிக்கையாளருக்கு இங்கதான் விருந்து. நடுவுல பள்ளத்தை வெச்சுக்கிட்டு எப்படிப் பரிமாறறது?”

“மேல பாய் போட்டுக்கலாம்மா.”

“பாய் உள்ள இறங்கும். அவர் காலும் இறங்கும். ஒரு பெஞ்சுக்காக என் கூடத்தைத் தோண்டச் சொல்றியா?”

“பெஞ்சு இல்லைம்மா, ஆளு. என் கூடப் படிக்கிறா.”

“ஆளுன்னா பேரேட்டுல பேரு இருக்கணும்ல? இவ பேரு எங்க இருக்கு? பெஞ்சுப் பட்டியல்ல இருக்கு.”

தலைவர் கண்ணைத் திறந்தார். “பாரும்மா, எனக்கு அவங்க மேல எவ்வளவு பாசம்னு ஊருக்கே தெரியும். வாராவாரம் என் பேச்சைக் கேக்கிறவங்க அவங்க மட்டும்தான். எனக்கும் மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாப்பத்தி நாலுல ஒண்ணு. மிச்சம் நாப்பத்தி மூணு பேர் நல்லாத்தானே இருக்காங்க?”

எனக்குச் சரியான நேரத்தில் பேச்சு வராது.

“வேணும்னா அடுத்த வாரம் ஒரு இரங்கல் கூட்டம் வெச்சிடலாம்” என்றார் தலைவர். “நானே பேசறேன். என்ன பேர்னு போடறது? பதினேழுன்னே போட்டுடலாமா?”

தலைவரம்மா என் காலைப் பார்த்தார். “திரும்பிப் போறப்ப ஓரமாவே நட. இப்பத்தான் மெருகு போட்டிருக்கு.”

ஓரமாகவே நடந்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேல் எரிச்சல் வருகிறது. நடுவில் நடந்திருக்கலாம். குறைந்தது ஒரு காலையாவது இழுத்திருக்கலாம்.

மாமா என் கூடவே நடந்தார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும், “அவளோட அப்பன் நல்ல ஆளு” என்றார். “முதல் தணிக்கைக்கு வந்த பழைய தணிக்கைக்காரன் அவர் மேல உக்காந்து ரெண்டு மணி நேரம் எழுதினான். மனுஷன் மூச்சுகூட விடலை. எழுந்து போனதும், ‘சரியா நின்னேனா?’ன்னு என்னைக் கேட்டாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நன்றுன்னேன்.”

நாளை: வகுப்பு. பதினேழிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்க வேண்டும்.


நாள் 216, வெள்ளி

இன்றைய தவறு: வகுப்புக்குப் போகவில்லை.

நாளை: தணிக்கை. பதிவேடு, இரண்டு பேனா, அளவுகோல்.


நாள் 217, சனி

இன்றைய தவறு: எது தவறு, எது சரி என்று எனக்கே இன்னும் பிடிபடவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறகு யாராவது பிரித்துக்கொள்ளட்டும்.

தணிக்கையாளர் மெலிந்து உயரமாக இருப்பவர். மண்டபத்தில் பெஞ்சுகள் வரிசையாக நின்றன. எல்லோருடைய கண்ணும் மூடியிருந்தது. ஒவ்வொன்றின் மேலும் உட்கார்ந்து, எழுந்து, என்னிடம் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்குப் போனார். பதினாறு வரைக்கும் ஒரு குறையுமில்லை.

பதினேழின் மேல் உட்கார்ந்தார். ஆடவில்லை. அவள் அந்தக் காலை இறுக்கிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

“ஆடலையே” என்றார்.

மாமா பாய்ந்து வந்தார். “அதாங்கய்யா, நல்ல பெஞ்சு. சின்னப் பொண்ணு, தெரியாம எழுதிட்டா.”

“பதிவேட்டுல தப்பு இருக்காது. தப்பு பெஞ்சுலதான் இருக்கும்” என்றார் தணிக்கையாளர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நான்கு காலும் ஊன்றி நிற்கும் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு மூன்று கால் என்பவரை இன்றுதான் பார்த்தேன். இடமும் வலமுமாகத் தன் எடையைப் போட்டு அசைத்தார். மூன்று முறை தாங்கினாள். நான்காம் முறை கால் விட்டுவிட்டது.

“பார்த்தீங்களா, ஆடுது” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “கழிவு. எடுத்துட்டுப் போங்க.”

தலைவர் உடனே ஆமாம் போட்டார். வேலையாட்கள் இரண்டு பேர் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அவளைத் தூக்கி வைத்தார்கள். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒப்புக்கொண்ட இடத்தில் நின்றபடியே போனாள்.

அரைவை எந்திரம் மண்டபத்துக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் இருக்கிறது. மேலே தொட்டி போன்ற வாய், கீழே தூள் விழுகிற சாக்கு. வேலையாள் விசையைத் தட்டினார். எங்கள் பற்கள் எல்லாம் அதிர்ந்தன.

தணிக்கையாளர் கடிகாரத்தைப் பார்த்தார். “முடிவுங்கிற பத்தியில எழுதும்மா. ‘அரைக்கப்பட்டது’ன்னு.”

“இன்னும் அரைக்கலைங்க ஐயா.”

“முதல்ல எழுதிடு, அப்புறம் அரைக்கலாம். விருந்துக்கு நேரமாச்சு.”

பதிவேட்டைத் தள்ளுவண்டியின் ஓரத்தில் வைத்துப் பிரித்தேன். பேனாவைத் திறந்தேன். பக்கத்தில் அவள் முதுகு. அவள் மேல் கை படாமல் எழுத முடியவில்லை. எந்திரச் சத்தத்துக்கு நடுவிலும், அவள் உள்ளே கிடுகிடுவென்று நடுங்குவது என் மணிக்கட்டில் தெரிந்தது. அசையாமல் நிற்பதில் பெயர் போன குடும்பம்.

ஐந்து நாளாக இவளைக் காப்பாற்ற நான் எல்லோரையும் போய்க் கேட்டேன். மாமா, தச்சர், தலைவர். கேட்கிறவளாகவே இருந்தேன். பேனா அத்தனை நாளும் என் பையிலேயே இருந்தது.

எழுதினேன். ‘பெஞ்சு அல்ல. இந்த ஊரில் பிறந்தவர். வயது இருபத்தொன்று. மாலை வகுப்பு மாணவி, தேர்வில் முதலிடம். அரைக்கவில்லை.’ மை காய்வதற்குள் அளவுகோல் வைத்து அடிக்கோடும் போட்டேன்.

தணிக்கையாளர் படித்தார். திரும்பப் படித்தார். பிறகு கையைத் தூக்கினார். எந்திரம் நின்றது.

“என்னம்மா எழுதியிருக்க?”

“நிலைங்க ஐயா.”

“கிழிச்சுப் போடுங்க அந்தப் பக்கத்தை” என்று தலைவர் கத்தினார்.

“பக்கத்துக்கு எண் இருக்கு. ஒண்ணு குறைஞ்சா என் வேலை போயிடும்” என்றார் தணிக்கையாளர். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில், தரையில், மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்தில் பெஞ்சு இருந்தும் தரையில் உட்கார்ந்ததை எல்லோரும் கவனித்தோம்.

“பதினோரு வருஷமா வர்றேன்” என்றார் என்னைப் பார்த்து. “எல்லா ஊர்லயும் பெஞ்சு சில்லுனு இருக்கும். இங்க மட்டும் சூடா இருக்கும். எனக்குத் தெரியாதுன்னா நினைச்ச? யாரும் எழுதாத வரைக்கும் எனக்கு அது மரம். இப்ப எழுதிட்ட. எழுதினா நான் படிக்கணும், படிச்சா மேல அனுப்பணும். நிம்மதியா இருந்த மனுஷனை இப்படிப் பண்ணிட்டியேம்மா.”

பதினேழு கண்ணைத் திறந்தாள்.

“ஐயா, போன வருஷத்துக்கு இந்த வருஷம் எடை கூடிட்டீங்க” என்றாள்.

வேலையாட்களில் ஒருவர் சிரித்துவிட்டு, தலைவரைப் பார்த்ததும் இருமினார்.

மாமாவைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவரே வந்தார். இடுப்பிலிருந்து கிடங்குச் சாவிக்கொத்தை எடுத்து என் பதிவேட்டின் மேல் வைத்தார்.

“ஒண்ணை எழுதிட்டு நிறுத்தினா அது அரைகுறை வேலை. நாப்பத்தி நாலையும் எழுது. பொய் எழுதினது யாருன்னு ஒரு பத்தி வரும். அதுல என் பேரைப் போடு. தலைவர் பேரையும் போடு. என் பேர் ரெண்டாவதா வரட்டும், வயசுல அவர்தான் மூத்தவர்.”

நாற்பத்து நான்கையும் எழுதி முடிக்க நாலரை மணி ஆகிவிட்டது. ஒவ்வொருவருக்கும் அடிக்கோடு போட்டேன்.

விருந்து மட்டும் நடந்தது. சமைத்ததை வீணாக்கக் கூடாதாம். தணிக்கையாளர் சாப்பிட்டுக்கொண்டே தரைப் பலகைகளை எண்ணிக்கொண்டிருந்ததாகத் தச்சர் வந்து சொன்னார். தரையைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தச்சரிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். ராத்திரியே தொடங்கவா என்று கேட்டாராம்.

நாளை: அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், வேறு யாரும் சொல்வதற்குள்.


நாள் 218, ஞாயிறு

இன்றைய தவறு: தாமதித்தேன். அம்மாவுக்குக் குழாயடியிலேயே தெரிந்துவிட்டது.

“ஒரு பெஞ்சுக்காகத் தாய்மாமனைக் காட்டிக் குடுத்தவளை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றாள் அம்மா. “உனக்குக் காது குத்தறப்ப அவன் மடியிலதானேடி உக்கார வெச்சேன்?” என் தட்டை மட்டும் மேசையின் ஓரமாகத் தள்ளி வைத்தாள். மாமாவை விசாரணை முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறார்கள். தலைவரையும் நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அவர் நிற்கவில்லை.

காலையிலேயே மண்டபத்தில் கூட்டம் போட்டார். நாமும் அவர்களும் தொடக்கத்திலிருந்தே ஒரே குடும்பமாக வாழ்ந்து வருகிறோம் என்று பேசினார். விதிப்படி, இங்கே வசிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் தொண்ணூறு நாளுக்குள் சம்மதம் தந்தால் நாம் இங்கேயே இருக்கலாம். “நாற்பத்து நான்கில் பாதிக்கு மேல் என்றால் இருபத்து மூன்று. இருபத்து மூன்று பேரிடம் நாலு நல்ல வார்த்தை பேச நமக்குத் தெரியாதா?” என்று முடித்தார். கைதட்டல் கேட்டது. பின்வரிசை காலியாக இருந்தது.

மாலையில் பதினேழைப் பார்க்க அவள் குழிக்குப் போனேன். இத்தனை நாள் பழக்கத்தில் போனது இதுவே முதல் முறை. உள்ளே சுத்தமாக, மிதமான சூட்டோடு இருந்தது. எனக்கு உட்கார இடம் எது என்று தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் ஆளாக இருக்குமோ என்று பயம். அவள் அம்மா ஒரு கல்லைத் தட்டிக் காட்டினாள். அது கல்தான்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வராததற்கு மன்னிப்புக் கேட்டேன்.

“வந்திருந்தா அழுதிருப்பே. எனக்கும் அழுகை வந்திருக்கும். குறிப்பு எடுத்தது நனைஞ்சிருக்கும்” என்றாள் பதினேழு. காலில் துணிக்கட்டு போட்டிருந்தாள்.

தலைவர் சொன்ன இருபத்து மூன்று கணக்கைச் சொன்னேன். அவள் அம்மாவும் அவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நாங்க நாப்பத்தி நாலு பேர்தான்னு யார் சொன்னது?” என்றாள்.

“மாமா எண்ணினாரே.”

“உங்க மாமா நாப்பத்தி நாலு வரைக்கும் எண்ணிட்டு, ‘போதும்’னாரு. மிச்சப் பேர் வெளிய போயிட்டாங்க.”

“மிச்சம் எத்தனை பேரு?”

“கிழக்குச் சரிவுல மட்டும் ஒரு ஒம்போதாயிரம் இருக்கும். மலைக்கு அந்தப் பக்கம் எத்தனைன்னு எங்களுக்கே தெரியாது. ஏன், உங்க யாருக்கும் தெரியாதா?”

தெரியாது. பத்தொன்பது வருடமாகத் தினமும் அந்தச் சரிவைப் பார்த்துத்தான் பல் தேய்க்கிறோம். மாலையில் அங்கே தெரிகிற வெளிச்சப் புள்ளிகளை மின்மினி என்று நினைத்துக் குழந்தைகளுக்குக் காட்டியிருக்கிறோம்.

“அவங்க எல்லாம் சம்மதிப்பாங்களா?” என்று கேட்டேன்.

“மரியாதையாக் கேட்டா எங்க ஆளுங்க எதையும் மறுத்ததில்லை” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா இங்க இருக்கலாமான்னு இதுவரைக்கும் யாரும் எங்களைக் கேட்டதில்லையே. அதனால உறுதியாச் சொல்ல முடியலை” என்றாள்.

தலைவருக்கு இதை இன்றே சொல்லலாமா என்று யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமையை ஏன் கெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

நாளை: காலை ஆறு மணிக்குக் கிழக்குச் சரிவு. பதினேழு கூட வருகிறாள், ஆகவே மெதுவாக நடக்க வேண்டும். முதல் வரிசைக் குழிகள் மட்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டுவிட்டு, பிறகு எண்ண வேண்டும்.